காளி செத்த படித்துறை

காளி செத்த இடத்தைக் காளிதான் தினமும் பெருக்க வேண்டியிருந்தது. முதல் சில வருஷங்கள் அவளுக்கே இது சிரிப்பாக இருந்தது. தனியாக நின்று சிரித்துக்கூட இருக்கிறாள். அப்புறம் அதுவும் மூட்டுவலி போல ஆகிவிட்டது. காலையில் எழுந்தால் இருக்கும், படுக்கும்போதும் இருக்கும், அதற்காக வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு மண்டிக்கும், பூட்டிக் கிடக்கும் பழைய மிளகுக் கிடங்குக்கும் நடுவே ஒரு சந்து போகிறது. சந்து முடிகிற இடத்தில் காயலுக்குள் இறங்கும் கல்படிகள். ஒரு காலத்தில் அரிசி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றி இறக்கிய படித்துறை. இப்போது வள்ளங்கள் வருவதில்லை. அதற்குப் பதிலாக, காளி இங்கே செத்ததாக எழுதிய ஒரு நாவலைப் படித்தவர்கள் வருகிறார்கள். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், ஒரு தடவை கனடா. கையில் அதே புத்தகம். கடைசிப் படியில் உட்காருவார்கள், தண்ணீரைப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், சிலர் அழுவார்கள். போகும்போது பூ வைத்துவிட்டுப் போவார்கள். பூவாவது பரவாயில்லை, பெருக்கினால் வாரியலுக்கு வந்துவிடும். மெழுகுவர்த்தி ஏற்றினால்தான் சனியன். உருகிக் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். தகரத் துண்டை வைத்துச் சுரண்ட வேண்டும், இடுப்பு விட்டுப் போகும். 'நான் உசுரோடதான இருக்கேன், எனக்கு எதுக்குடி மெழுகுவத்தி' என்று முனகிக்கொண்டே சுரண்டுவாள்.

அந்த நாவலை எழுதியவர் இருபது இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன்னால் இதே கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். காளி குடியிருக்கும் கார்ப்பரேஷன் துப்புரவுக்காரர்களின் வரிசை வீடுகளுக்கு எதிர்வீட்டில்தான் வாடகைக்கு இருந்தார். மெலிந்த மனுஷன், தடித்த கண்ணாடி, யாரிடமும் அதிகம் பேசமாட்டார். எல்லோரும் கணக்குச் சார் என்பார்கள். பிறகு மெட்ராஸ் போனார், புத்தகம் எழுதினார், பரிசு வாங்கினார், போய்ச் சேர்ந்தும் விட்டார். புத்தகத்தில் காளி என்ற பெயரை மாற்றவேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. வேறு எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். காளிக்குப் படிக்கத் தெரியாது. படிக்கட்டில் நின்று வாசகர்கள் பேசுவதைப் பெருக்கிக்கொண்டே கேட்டுக் கேட்டுத்தான் அவள் தன்னுடைய சாவைத் தெரிந்துகொண்டாள். அதில் அவள் புருஷன் குடித்துவிட்டு அடிப்பானாம், வேறொருத்தியைக் கூட்டிவந்து வீட்டில் வைப்பானாம். கேட்டபோது காளிக்கு வயிறு எரிந்தது. நிஜப் புருஷன் சங்கிலிப்பாண்டி ஒருநாளும் கை நீட்டியவன் இல்லை. குப்பை லாரியில் ஓடி ஓடி நெஞ்சு கெட்டு இருமியே செத்தவன். ஊர் ஊரிலிருந்து வந்து அவனைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் தண்ணீரில் இறங்கியது உண்மைதான். காரணம் கேட்டால் புத்தகத்தில் எழுதும்படி ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்து எட்டாம் மாசம். பகலெல்லாம் ரோடு, ராத்திரியெல்லாம் பிள்ளை. அது அழுதது, அழுதது, அழுதுகொண்டே இருந்தது. சங்கிலிப்பாண்டிக்கு அந்த வாரம் காய்ச்சல். வெயில் ஏறிய ஒரு முற்பகலில் வாரியலைக் கிடங்குச் சுவரில் சாத்திவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். எங்கேயாவது சத்தமில்லாமல் படுத்துக்கொண்டால் போதும் என்று இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது ஓதம் வடிந்து நீர் இறங்கியிருந்த நேரம். முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை, எல்லாம் சேறு. நாலடி வைப்பதற்குள் கால் புதைந்து, முன்னாலும் போகமுடியாமல் பின்னாலும் வரமுடியாமல் நட்ட கம்பாக நின்றாள். நிமிர்ந்து பார்த்தபோது கிடங்கு மாடிச் சன்னலில் கணக்குச் சார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வந்து தூக்கியது வள்ளக்கார அப்புச் சேட்டன். முதலில் பிள்ளையை வாங்கிப் படியில் வைத்தார். அப்புறம் துடுப்பை நீட்டினார். அவள் சேற்றில் மாட்டிய செருப்புக்காகக் குனிந்துகொண்டிருந்தாள், புதுச் செருப்பு. செருப்பு போனால் போகட்டும், காலை எடு என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் குழாயடியில் கணக்குச் சார் "ஒடம்பு தேவலையா?" என்று கேட்டார். அதோடு சரி. அப்புச் சேட்டன் செத்தும் எத்தனையோ மழை போய்விட்டது. வாயைத் திறந்து யாரிடமும் சொன்ன மனிதர் இல்லை அவர்.

காளிக்கு இருந்தது ஒரே ஒரு பயம்தான். அந்தப் பிள்ளை.

அந்தப் பிள்ளை இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். விபின் என்று பெயர். மலையாளம் மீடியத்தில் படித்தவன், தமிழில் பஸ் போர்டுகூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். எர்ணாகுளத்திலும் ஆலுவா ஸ்டேஷனிலும் நாவல் படித்தவர்கள் 'மட்டாஞ்சேரி, காளி படித்துறை' என்று விசாரித்தால் மற்ற ஓட்டுநர்கள் இவனைத்தான் கைகாட்டுகிறார்கள். வருகிறவர்கள் சொன்னதைக் கேட்டுக் கதையை மனப்பாடம் செய்து, கூட்டியும் குறைத்தும் அடுத்தவர்களுக்கு அவனே சொல்கிறான். புத்தகத்தில் பெண் குழந்தை, பெயர் பவளம். வரிசை வீடுகளில் எந்தக் காலத்திலும் நாலைந்து காளிகள் உண்டு. அதனால் அவனுக்குச் சந்தேகம் வர வழியில்லை. ஒரே ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா, அது எந்தக் காளி? நீ கண்டிட்டுண்டா?" என்று கேட்டான். "முந்தி இருந்தவ. செத்துப் போனா" என்றாள். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து சந்துமுனையில் அவன் ஆட்டோச் சத்தம் கேட்டால், குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு மண்டிப் பின்பக்கமாகப் போய்விடுவாள். பத்து வாசகர்கள் வந்தாலும் போனாலும் அவளுக்குக் கவலையில்லை. இவன் எதிரில் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு நிற்க மட்டும் அவளால் ஆகாது.

அன்றைக்கு அப்படிப் போக முடியவில்லை. இரண்டாயிரத்து மூன்று டிசம்பர். மறுநாள் வெள்ளைக்காரர்கள் படகில் வந்து இறங்கப் போகிறார்கள், படித்துறை பளிச்சென்று இருக்கவேண்டும் என்று மேஸ்திரி வெங்கிடாசலம் சொல்லியிருந்தார். பாசி சுரண்டி, சந்து முழுக்கக் கூட்டி, குப்பையைப் படித் தலைப்பில் குவித்து வைத்தாகிவிட்டது. வண்டி வந்து அள்ளுகிறவரை குவியலை விட்டு நகரக்கூடாது. ஏனென்றால் ஆடுகள். மட்டாஞ்சேரி ஆடுகளுக்கு எந்தக் கடையும் எந்த வீடும் கணக்கில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் குவியலில் ஏறி, கூட்டியதையெல்லாம் காலால் கிளறி, சந்து முழுக்கப் பரப்பிவிடும். அப்புறம் முதலிலிருந்து கூட்டவேண்டும். மூங்கில் கம்பு கட்டிய வாரியலைத் தரையில் தட்டித் தட்டி, இரண்டு ஆடுகளை விரட்டிக்கொண்டு நின்றபோதுதான் ஆட்டோ வந்து நின்றது. விபினும் கூடவே ஒரு அம்மாளும் இறங்கினார்கள். 'அய்யோ, இன்னிக்கா' என்று இருந்தது காளிக்கு.

"இதா மேடம், இதுதான் இடம். பாத்து எறங்குங்க, வழுக்கும். இது என் அம்மா. இவிடெ டியூட்டி."

வந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். கைத்தறிப் புடவை, காலில் துணி ஷூ, தோளில் பை, கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகை. ஸ்வர்ணலதா என்று பெயர், மலேசியாவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று விபினே அறிமுகப்படுத்தினான். படித்த எழுத்தாளர்கள் இருந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறாராம். டீச்சர் காளியைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்டது காளிக்கு என்னவோ போல் இருந்தது. புடவைக்கு மேல் கார்ப்பரேஷன் சட்டை போட்ட அவளை அந்தப் படியில் வைத்து இதுவரை யாரும் கும்பிட்டதில்லை. செத்தவளைத்தான் கும்பிட்டிருக்கிறார்கள்.

"நீங்க வேலையப் பாருங்கம்மா. நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடுறேன்" என்றார் டீச்சர். இரண்டாவது படியில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அட்டைக்கு மேல் அட்டை போட்டு, தாள்கள் பழுத்துப் போன புத்தகம். "அங்க ரப்பர் எஸ்டேட் பள்ளிக்கூடத்துல வேலை. சாயங்காலம் ஆனா மழைதான், பேசுறதுக்கு ஆள் கிடையாது. இந்தப் புத்தகந்தான் துணை. ஒவ்வொரு வருஷமும் படிச்சிருவேன். இந்த இடத்த மட்டும் படிக்க முடியாம மூடி வச்சிருவேன்."

விபினுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. படிக்கட்டின் ஓரத்தில் நின்று கையை நீட்டி ஆரம்பித்தான். "அவ அந்தச் சந்து வழியாதான் வந்தா மேடம். விடியுற நேரம். புருஷன் ராத்திரி அடிச்சு மண்டை பொட்டியிருக்கு, ரத்தம். கையில பவளம். தண்ணியில சாடும்போ ஒரு சத்தம்கூட வெளிய வரல்ல. என்ன ஒரு அம்மா, அல்லே? நான் எப்பவும் நெனைக்கும், அந்தக் குட்டி என்ன பாவம் பண்ணுச்சுன்னு. அவளுக்குச் சாகணும்னா சாவட்டும். குட்டியை எதுக்குக் கொண்டு போவணும்? எனக்கு அவளைக் கண்டா ரெண்டு வார்த்தை பறையணும்."

வாரியல் கம்பு காளியின் கையில் நின்றுவிட்டது. அவன் இந்தக் கதையைச் சொல்லி அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் அவன் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தானா? ஊரார் எல்லோரிடமும்? ஒரு ஆடு குவியலில் முன்னங்காலை வைத்தது. அவள் அதை அடிக்கக்கூட இல்லை.

"அப்படிச் சொல்லாதப்பா" என்றார் டீச்சர். "அவ நெலமை நமக்குத் தெரியாது. எனக்கு அவளைவிட இதை எழுதினவரை நெனைச்சாத்தான் அழுகை வரும். நீச்சல் தெரியாது, அது தெரிஞ்சும் அவ பின்னாலயே குதிக்கிறாரே. அவ தலைமுடி கைக்குத் தட்டுப்பட்டு நழுவிடுது. அந்த முடி நழுவுன கையாலதான் இதை எழுதுறேன்னு முடிக்கிறாரு. எப்பேர்ப்பட்ட மனுஷன்!"

"குதிச்சாரா?" என்றாள் காளி.

அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. இருவரும் திரும்பினார்கள். புருஷனைப் பற்றி எழுதியது தெரியும், பிள்ளையைப் பெண்ணாக்கியது தெரியும். இது மட்டும் இத்தனை வருஷத்தில் காதில் விழவே இல்லை. சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே ஒரு கோபமும் வந்தது. கல்லில் மெழுகு சுரண்டிய கோபம், சங்கிலிப்பாண்டிக்காக வந்த கோபம், எல்லாம் சேர்ந்து. "அவரா குதிச்சாரு? அந்தா, அந்தச் சன்னல்லல்லா நின்னாரு. கம்பியப் புடிச்சுக்கிட்டு. ஒரு சத்தம் போட்டிருந்தாருன்னாகூட சும்மா இருப்பேன். மூட்டை தூக்குற ஆளுகளாவது ஓடி வந்துருப்பாக."

"அம்மா, ஒண்ணு மிண்டாம சும்மா இரு" என்றான் விபின் சங்கடமாக. "மேடம், அம்மைக்கு வயசாச்சு, ஏதாவது பறையும்."

டீச்சர் அவனைக் கவனிக்கவில்லை. சன்னலைப் பார்த்தார். துருப்பிடித்த கம்பிகள் அப்படியே இருந்தன. பிறகு தண்ணீரைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அதை உண்மையாகப் பார்த்தார் போலிருந்தது. நீர் இறங்கி, கடைசிப் படிக்கு அப்பால் கறுத்த சேறு வெயிலில் மினுங்கிக் கிடந்தது. பிளாஸ்டிக் பைகள், ஒரு தேங்காய் மட்டை, ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.

"இதுலயா? இவ்வளவு தண்ணியில ஆள் எப்படி முழுக முடியும்?"

"தண்ணி ஏறும் மேடம். உச்சிவேளை கழிஞ்சா இந்தப் படி வரைக்கும்..." என்று விபின் சமாளிக்கப் பார்த்தான்.

"அன்னைக்கும் எறங்கித்தான் கெடந்துச்சு" என்றாள் காளி. பேச்சு வாயிலிருந்து தானாக வந்துகொண்டிருந்தது. நிறுத்தவேண்டும் என்று தெரிந்தது, நிறுத்துவதற்குத் தெம்பு இல்லை. "முழுவ முடியாது டீச்சர். சேறு புடிச்சுக்கிடும். அசைஞ்சா இன்னும் உள்ள இழுக்கும். பிள்ளைய மொதல்ல மேல நீட்டிரணும். அதை வாங்கிக்கிட ஒரு ஆளு வேணும். கைய விட்டாத்தான காலை உருவ முடியும்? அது கழுத்தைக் கட்டிக்கிட்டு விடவே மாட்டேங்கும். வெரலு வெரலா எடுத்துத்தான் குடுக்கணும்."

டீச்சரின் கை தன்னிச்சையாகப் புத்தகத்தை மூடியது. விபின் இன்னும் பாதிச் சிரிப்போடுதான் நின்றான். அந்தச் சிரிப்பு அவன் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. காளி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் எதற்குப் பயந்தாளோ அது எதிரில் நடந்துகொண்டிருந்தது. ஓடி ஒளிய மண்டியின் பின்பக்கம் இருந்தது. ஆனால் கால் நகரவில்லை.

"அந்தக் குட்டி என்ன ஆச்சு?" என்றான்.

"பாலு குடிச்சுது. அன்னைக்குத்தான் மொத மொதல்ல ராவு முழுக்கத் தூங்குச்சு."

"பவளமா?"

"பவளம்னு யாரும் இல்ல மோனே. அது அவரு வச்ச பேரு."

டீச்சர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். மல்லிகைப் பொட்டலம் மடியில் இருந்தது. அதை யாருக்கென்று கொண்டுவந்தாரோ அவளே எதிரில் வாரியலோடு நிற்கிறாள். அவளிடம் கொடுக்கவும் முடியவில்லை, சேற்றில் வீசவும் முடியவில்லை. "மன்னிச்சிருங்கம்மா" என்றார். எதற்கென்று அவருக்கும் தெரிந்திருக்காது. காளி தலையை ஆட்டினாள். பாவம், அந்த அம்மாள் என்ன செய்வார், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்.

"எதுக்கு எறங்கின?" என்று அம்மாவிடம் கேட்டான் விபின். குரல் தாழ்ந்திருந்தது. "அப்பா அடிச்சாரா?"

"சீ. ஒங்கப்பனை அப்படிச் சொல்லாத. அடிக்கவும் இல்ல, யாரையும் கொண்டுட்டு வரவும் இல்ல. எனக்கு அலுத்துப் போச்சு மோனே. ஒறக்கம் இல்ல. வேற ஒண்ணும் இல்ல, சத்தியமா."

"பின்னே என்னை எதுக்குக் கொண்டு போன?"

சற்று முன் உரக்கச் சொன்ன அதே கேள்வி. இப்போது யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போலக் கேட்டான். பொய் ஏதாவது சொல்லலாம். இருபத்திரண்டு வருஷமாக யோசித்து வைத்த பொய்கள் இருந்தன. ஒன்றும் நாக்குக்கு வரவில்லை.

"ஒன்னைய யாருட்ட விட்டுட்டுப் போவேன்?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு டீச்சரைத் தாண்டி, ஒவ்வொரு படியாக இறங்கினான். டீச்சர், "தம்பி, எங்கப்பா?" என்றார். அவன் காக்கி பேண்டைக்கூட மடக்கிவிடவில்லை. கடைசிப் படியிலிருந்து சேற்றில் காலை வைத்தான். ஒன்று, இன்னொன்று. கொக்கு எழுந்து பறந்தது. கணுக்கால் போயிற்று, பிறகு முழங்கால். இன்னும் ஓரடி வைக்கப் பார்த்தான், நடக்கவில்லை. அங்கேயே நின்று கையைப் பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பதுபோல் கொஞ்சம் உயர்த்தினான். படிக்கட்டுக்கும் அந்தக் கைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தான். நிமிர்ந்து சன்னலைப் பார்த்தான். அவன் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. ஆட்டோ ஓட்ட ஆரம்பித்த பிறகு அவன் அழுது அவள் பார்த்ததில்லை. போகட்டும், அழட்டும் என்று நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தான். திரும்ப முடியவில்லை. இடுப்பு மட்டும் திரும்பியது.

"அம்மா" என்றான். "கால் வரல்ல."

சின்னப் பிள்ளை போல அப்படி அவன் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. காளி வாரியலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மூட்டுவலியெல்லாம் எங்கே போயிற்றோ. கடைசிப் படியில் மண்டி போட்டு, மூங்கில் கம்பின் முனையை அவனுக்கு நீட்டினாள். அவன் எட்டிப் பிடித்தான். பின்னால் டீச்சர் புத்தகத்தையும் பூவையும் படியில் போட்டுவிட்டு வந்து காளியின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விபின் கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைச் சேற்றுக்குள் விட்டு எதையோ துழாவினான்.

"என்னத்தல தேடுத?"

"செருப்பு. போன வாரம் வாங்கினதாக்கும்."

"செருப்பு போனாப் போவட்டும் மோனே" என்று கத்தினாள் காளி. "காலை எடு!"

மேலே ஆடுகள் குவியலில் ஏறிவிட்ட சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வியர்வையில் கம்பு வழுக்கியது. முந்தானையை உருவிக் கம்பில் சுற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.